கோட்டு மட்டும் அவருடையது

அய்யோ, நீங்களும் படம் வரையிறவரா? பெட்டியப் பாத்ததுமே நெனச்சேன். வேணாம் தம்பி, ஒருத்தன் வந்து தின்னுட்டுப் போனதே போதும்! ரெண்டு வருஷத்துக்கு முன்ன ஃபினியஸ் டோட்டுன்னு ஒரு மகாராசன் வந்தான். படம் முடியறவரைக்கும் சாப்பாடும் படுக்கையும் நம்ம பொறுப்பாம். அப்புறம் அவனுக்கு முடிக்க மனசு வருமா? ஆப்பிள் கள்ளு பீப்பாவே காலி!

சரி, வாசல்ல நிக்காதீங்க, குளிரு உள்ள வருது. அந்தா, கணப்புக்கு மேல பாருங்க. அதான் எங்க வீட்டுக்காரரு ஜேபஸ்ஸாம்! அவரு உக்காந்திருக்கற மாதிரி ஒரு செவப்பு நாற்காலி இந்த வெர்மான்ட் சீமை பூரா தேடுனாலும் கெடையாது. எழுத்தே தெரியாத மனுஷன் கையில புஸ்தகம் வேற! இன்னொரு கையா? கோட்டுக்குள்ள. ரெண்டு கையும் வேணும்னா கூலி கூடவாம்... சிரிக்காதீங்க, நீங்களும் அந்தக் கூட்டந்தானே!

அதக்கூட விடுங்க. மூஞ்சி! மூஞ்சி என் கொழுந்தன் லெமுவேலோடது! அசலா அவனேதான். படம் வரஞ்ச வருஷம் பனிக்காலத்துலயே மரம் விழுந்து ஜேபஸ் போய்ச் சேந்துட்டாரு. அவரு ஞாபகமா எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். என் மக டார்கஸுக்கு மூணு வயசு. அப்பா எங்கடின்னா, படத்தப் பாத்து 'சித்தப்பா'ங்குது! வயிறு எரியுமா எரியாதா? அந்த லெமுவேலு ஞாயித்துக்கெழம தவறாம வந்து, அவன் படத்துக்குக் கீழயே ஒக்காந்து மொக்குறான். "அண்ணி, என் படம் குடிவந்து ரெண்டு வருஷமாச்சு, நானும் வந்தா என்ன?"ங்கறான். வெக்கங்கெட்டவன்!

என்னது? அவன் மூஞ்சி எப்படி வந்துச்சா? பின்ன என்ன தம்பி, புல்லறுத்துக் காயப்போட்ட நேரம், மேகம் வேற கூடுது. அவரப் பிடிச்சு உக்கார வச்சா, மாட்டுக்குப் பனிக்காலத்துல என்னத்தப் போட? டோட்டுக்குத் தீனி போட்டும் மாளல, படம் சீக்கிரம் முடிஞ்சாப் போதும்னு இருந்துச்சு. லெமுவேலு எப்பவும்போல சும்மா கெடந்தான். அண்ணன் தம்பி ஒரே ஜாடதானேன்னு, ஜேபஸ் கோட்ட மாட்டி நாந்தான் உக்கார வச்சேன். அதுக்காக? வரையிறவனுக்கு அறிவு வேணாமா? கொஞ்சம் மாத்திப் போடத் தெரியாதா?

எங்க கெளம்புறீங்க? பெட்டிய வைங்க. குதிரைய அவுத்துக் கட்டுங்க, சாப்பாடு போடுறேன், படுக்கையும் தாரேன். மூஞ்சிய மட்டும் சொரண்டிட்டு ஜேபஸ்ஸப் போடுங்க, போதும். நான் சொல்லச் சொல்ல வரைங்க. நெத்தி அகலம். கண்ணு நீலம்... இல்ல இல்ல, நீலம் லெமுவேலுக்கு. மூக்கு... மூக்கு வந்து... இருங்க தம்பி. இவனையே பாத்துப் பாத்து... போயிராதீங்க. மூக்கு... இருங்க, இப்ப வந்துரும்.