அஞ்சாவது பூட்டு

...பின்ன என்ன தம்பி, நாலு ஆபீசருங்க கொட்டுற மழையில நம்ம தெருக்கோடி மதகுகிட்ட போய் நிக்கிறாங்களாம். நின்னு என்ன பிரயோஜனம்? திறக்க முடியலையாம்! ஆத்துத் தண்ணி தெருவுக்குள்ள வந்துடக் கூடாதுன்னு மதகை மூடினாங்க, சரி. ஆறு காலையிலேயே இறங்கிடுச்சு. இப்ப திறந்தா தெருத் தண்ணி அப்படியே ஆத்துக்கு ஓடிடும். அதை விட்டுட்டு, குடையப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. வாங்க, உள்ள வாங்க. செருப்போடயே வாங்க, பரவாயில்ல... ஓ, செருப்பு தண்ணியோட போயிடுச்சா. சரி விடுங்க, உக்காருங்க. கீழ்வீட்டுக்குக் குடி வந்து இன்னும் சாமானக் கூடப் பிரிச்சிருக்க மாட்டீங்க, அதுக்குள்ள இப்படி.

என்னது? அப்பாவையா? கட்டிலோடவா? தூக்கிடுவோம் தம்பி, அதுக்கென்ன. அவரால நடக்க முடியாதுன்னு நீங்க குடி வந்த அன்னைக்கே பாத்தேனே, நாற்காலியோட தூக்கிட்டு வந்தீங்க. நல்ல வாட்டசாட்டமான மனுஷன். தண்ணி இப்ப எது வரைக்கும் இருக்கு? கட்டில் கால்ல பாதியா? அப்ப நேரம் இருக்கு. ஆனா பாருங்க, நீங்க ஒரு பக்கம் நான் ஒரு பக்கம்னு இந்தப் படியில ஏத்த முடியாது. நாலு பேராவது வேணும். அந்த நாலு பேருதான் மதகுகிட்ட நிக்கிறாங்க, அதத்தானே நான் சொல்லிட்டிருக்கேன்!

பதறாதீங்க. என் வீட்டுக்காரி கீழதான் போயிருக்கா, செங்கல்லு எடுத்துக்கிட்டு. கட்டில் காலுக்கு அடியில வச்சு உசத்துறேன்னா. அவளுக்கு எல்லாத்துலயும் அவசரம். உக்காருங்க.

நான் என்ன வேலை பாக்கறேன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல? துறைகள் ஒருங்கிணைப்பு மன்றம். செயலாளர். தெரு முனையில பச்சை போர்டு ஒண்ணு பாத்திருப்பீங்களே... இல்ல இல்ல, இப்பப் போய்ப் பாத்தா தெரியாது, அது தண்ணிக்குள்ள இருக்கு. மன்றம்னா என்னன்னு கேப்பீங்க. கேக்கலையா? பரவாயில்ல, சொல்றேன்.

முன்னாடியெல்லாம் ரோடு ஆபீஸ் வந்து தார் போடும். தார் காயறதுக்குள்ள வடிகால் ஆபீஸ் வந்து தோண்டும். அவங்க குழாயப் போட்டு மூடினதும் கரண்ட் ஆபீஸ் வந்து, "எங்க கம்பிய எங்க காணோம்"னு திரும்பத் தோண்டும். கடைசியா சுகாதார ஆபீஸ் வந்து அந்தப் பள்ளத்துல கொசு மருந்து அடிச்சிட்டுப் போகும். அவங்க அவங்க வேலைய அவங்க அவங்க ஒழுங்காத்தான் செஞ்சாங்க, அதுல ஒரு குறை சொல்ல முடியாது. தெருவுல நடக்கத்தான் முடியல.

அப்பதான் மேலிடத்துல யோசிச்சு, நாலு துறையையும் ஒண்ணாக் கோக்கணும்னு மன்றத்த ஆரம்பிச்சாங்க. யாரு தலைவர்? அதுலயே ரொம்ப நாள் ஓடிடுச்சு. வடிகால்காரரு தலைவரானா ரோட்டுக்காரரு வர மாட்டாரு. ரோட்டுக்காரரு ஆனா கரண்ட்டுக்காரரு போன எடுக்க மாட்டாரு. சரி, தலைவரே வேணாம், எல்லாரும் சமம்னு முடிவாச்சு. சமம்னா வட்ட மேசை வேணுமில்ல? வாங்கினோம். கதவுக்குள்ள நுழையல. தச்சரக் கூப்பிட்டு ரெண்டா அறுத்து உள்ள கொண்டு போனோம். திரும்ப ஒட்ட வைக்கறதுக்கு ஆணி வாங்கணும்னு ஒரு கூட்டம் போட்டோம், ஆணி எந்தத் துறை வாங்கறதுன்னு முடிவாகல. இன்னைக்கு வரைக்கும் அந்தப் பாதியில ரெண்டு பேரு, இந்தப் பாதியில ரெண்டு பேருன்னு...

இருங்க, போன் அடிக்குது. ம்... ரோடு ஆபீசர். அடிக்கட்டும்.

எடுக்கக் கூடாது தம்பி. நான் பொதுவான ஆள். இவருகிட்டப் பேசிட்டேன்னு வைங்க, மத்த மூணு பேரும் "ரோட்டுக்காரருகிட்ட மட்டும் என்ன தனியா குசுகுசுன்னு பேச்சு"ம்பாங்க. பேசினா நாலு பேருகிட்டயும் ஒண்ணாப் பேசணும். இல்லாட்டி பேசக் கூடாது. நம்பிக்கைங்கறது அப்படித்தான் வளரும். வளர்ந்திருக்கு, சும்மா சொல்லக் கூடாது. முன்னாடி ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்குவாங்க. இப்ப நாலு பேரும் ஒத்துமையா என்னைத் திட்டுறாங்க.

எழுந்திரிக்காதீங்க, விஷயத்துக்கு வர்றேன். மதகு. அந்த மதகுல முன்னாடி ஒரு சங்கிலி இருந்துச்சு. சங்கிலியில நாலு பூட்டு, ஒரு துறைக்கு ஒண்ணு. ஆனா எப்படி? ஒரு பூட்டோட வளையத்துல அடுத்த பூட்டு, அதோட வளையத்துல அதுக்கடுத்தது... மாலை கோத்த மாதிரி. அதனால என்னாகும், யாராவது ஒருத்தர் தன் பூட்டத் திறந்தாப் போதும், சங்கிலி மொத்தமாக் கழண்டுக்கும். முதல்ல யாரு வர்றாங்களோ அவங்க திறந்துட்டுப் போயிடுவாங்க.

நல்லாருக்கேங்கறீங்களா? தலையாட்டுறீங்க. நல்லால்ல தம்பி! ஒரு தடவை இதே மாதிரி மழை. காலையில எழுந்து பாத்தா தெரு காய்ஞ்சு கிடக்கு. யாரு திறந்தாங்க? தெரியல. யாரு சொல்லித் திறந்தாங்க? அதுவும் தெரியல. மன்றத்துல பெரிய அமளி. வடிஞ்ச தண்ணிக்குப் பொறுப்பேத்துக்க ஒரு துறை கூட முன்வரல. அப்படி யாருக்கும் தெரியாம வடிஞ்சா, அதுக்குப் பேரு நிர்வாகமா?

அப்பதான் ஒருத்தர் அருமையான யோசனை சொன்னாரு. சங்கிலிய எடுத்துடுவோம். இத்தன நீளத்துக்கு ஒரு இரும்புப் பட்டை போடுவோம். பட்டையில வரிசையா ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு பூட்டு. எல்லாரும் வந்து எல்லாப் பூட்டையும் திறந்தாத்தான் பட்டை நகரும், மதகு திறக்கும். யாரும் தனியா ஒண்ணும் பண்ண முடியாது. ஒத்துமைன்னா இது ஒத்துமை! மேசையோட ரெண்டு பாதியில இருந்தும் கை தட்டினாங்க. மன்றம் ஆரம்பிச்சதுல இருந்து அப்படி ஒரு கைதட்டல் கேட்டதில்ல.

சரி, நாலு பேரும் ஒழுங்கா வந்தாங்களான்னு யாரு பாக்கறது? நியாயமான கேள்வி. அதுக்குத்தான் மன்றத்துக்குன்னு தனியா அஞ்சாவது பூட்டு.

இப்ப அந்த அஞ்சாவது சாவி வரலன்னுதான் நாலு பேரும் நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க.

யாருகிட்ட இருக்குன்னா கேக்கறீங்க? மன்றச் செயலாளர்கிட்டதான் இருக்கும். வேற யாருகிட்ட... ஆமா, நான்தான். அதோ, காலண்டர் பக்கத்துல ஆணியில மாட்டியிருக்கேன் பாருங்க, சிவப்பு நாடா கட்டினது. பித்தளைச் சாவி. தினமும் துடைச்சு வைப்பேன்.

அட, என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க? நான் என்ன வர மாட்டேன்னா சொன்னேன்? விடிஞ்சதுல இருந்து கிளம்பித்தான் உக்காந்திருக்கேன், பாருங்க, பேண்ட்டக் கூட முழங்கால் வரைக்கும் மடிச்சு விட்டிருக்கேன். ஆனா அழைப்பு வரணும்ல? அழைப்பில்லாமப் போய் நின்னா என்ன மரியாதை? போன வருஷம் சுகாதார ஆபீசர் ஒரு தடவை அழைப்பு வராமலே கூட்டத்துக்கு வந்துட்டாரு. அன்னைக்குக் கூட்டம் முழுக்க அவரு எப்படி வந்தாருங்கறதுலயே போச்சு.

அழைப்பா? செயலாளர்தான் அனுப்பணும். நான்தான். அனுப்ப மாட்டேன்னு சொல்லலையே! முத்திரை குத்தி அனுப்பணும். முத்திரை ஆபீஸ்ல இருக்கு. ஆபீஸ் தண்ணில இருக்கு. தண்ணி வடிஞ்சதும் போய் எடுத்து, எனக்கு ஒண்ணு அனுப்பி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டு, உடனே போய் மதகைத் திறந்துட வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரியும் காலையில இப்படித்தான் பாத்தா. "முதல்ல போய்த் திறங்க, அப்புறம் ஆற அமர அழைப்பு எழுதிக்கங்க"ங்கறா. குடும்பத்த அப்படி நடத்தலாம். நாலு துறைய அப்படி நடத்த முடியுமா?

உடம்பெல்லாம் நடுங்குது பாருங்க உங்களுக்கு. இருங்க, ஒரு துண்டு எடுத்தாறேன். அப்படியே டீயும் போட்டுடறேன். நீங்க உக்காருங்க, அடுப்படியில இருந்தே பேசறேன், நல்லாக் கேக்கும்...

...கேக்குதா தம்பி? மன்றத்தச் சாதாரணமா நினைச்சுடாதீங்க. இந்தக் கூட்டமைப்பெல்லாம் உருப்படியா வேலை செய்யுதான்னு ஆராய ஒரு பெரிய அதிகாரி வந்தாரு. கண்ணாடி போட்டவரு, ரொம்பப் படிச்சவரு. எத்தனை கூட்டம் நடந்துச்சு, எல்லாரும் வந்தாங்களா, சண்டை உண்டான்னு கேட்டாரு. எல்லாத்துலயும் நாமதான் முதல். கேடயம் குடுத்தாங்க, அதோ டிவி மேல இருக்கு பாருங்க. இல்ல, தெருவுக்கு அவரு வரல. வரணும்னுதான் ஆசைப்பட்டாரு, தெருவுல தண்ணி நின்னுச்சு, வர முடியல... இந்தச் சர்க்கரை டப்பாவ எங்க வைக்கிறான்னே தெரியலப்பா. வீட்டுல ஆளு ரெண்டே பேரு, ஒரு டப்பா ஒரே இடத்துல இருக்க மாட்டேங்குது. தம்பி, அந்தப் பட்டை யோசனை சொன்னது யாருன்னு நீங்க கேக்கவே இல்லையே? படம் வரைஞ்சு, கலர் அடிச்சு... கேட்டா சொல்றேன். சர்க்கரை கம்மியாப் போடவா? தம்பி?

இந்தாங்க, சூடா...

தம்பி?

அட, கதவு திறந்து கிடக்கு. சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாரே. இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒரு பேச்ச முழுசாக் கேக்கப் பொறுமை... காலண்டர் ஏன் ஆடுது? காத்துக் கூட இல்லையே...

தம்பீ! அந்த ஆணியில இருந்த...

அரை மணி நேரமாச்சு, ஆளக் காணோம். டீய மறுபடி சுட வச்சாச்சு, அதுவும் ஆறுதே. சரி, கீழதான் குடுத்துடுவோம்.

...ஏம்மா, அந்தப் பையன் இங்க வந்தானா? வரலையா? தெருவுல ஓடினதப் பாத்தியா? இடுப்பளவு தண்ணியிலயா! என்னத்துக்குச் சிரிக்கிற? ...அய்யா, வணக்கங்க. எழுந்திரிக்காதீங்க, தெரியும். இந்தாங்க, டீ குடிங்க. செங்கல்லு நல்லா உசத்திடுச்சே, சாமர்த்தியக்காரி... இது என்னம்மா, மூணாவது படி ஈரமா இருக்கு, ஆனா தண்ணி ரெண்டாவது படியிலதானே இருக்கு? இப்ப அதுலயும் இல்லையே. இறங்குதே!

போன் அடிக்குது. கரண்ட் ஆபீசர். எடுக்கக் கூடா... என்னம்மா நீயே எடுத்துட்ட? ஓ, நாலு பேரும் ஒரே போன்ல பேசறாங்களா? அப்ப சரி, குடு, பேசலாம், பாரபட்சம் இல்ல. ...ஆமாங்க. செயலாளர்தான். திறந்தாச்சா? அஞ்சும் திறந்தாச்சா? யாரு வந்தது... சிவப்பு நாடா கட்டின சாவியோட ஒரு பையனா? ஆமா... ஆமாங்க, நம்ம மன்றத்துலருந்துதான். பிரதிநிதி. புதுசு. ஏகமனதா முடிவாச்சுன்னு எழுதிக்கங்க. வைக்கிறேன்.

பாத்தீங்களாய்யா? அஞ்சு பேரும் ஒண்ணு சேந்தா என்ன நடக்குதுன்னு! கட்டிலத் தூக்க வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. ஆனா உங்க பையன் பண்ணினது தப்புங்க. அழைப்பில்லாமப் போயிட்டான். அடுத்த கூட்டத்துல ஒருத்தராவது கேப்பாங்க, நான்தான் பதில் சொல்லணும்.

நீயும் எங்கம்மா கிளம்பிட்ட? போ, போ, வாசலப் பெருக்கு. நாங்க பேசிட்டிருக்கோம். அய்யாவுக்கு எங்க போற வேலை இருக்கு.

கண்ண மூடிக்கிட்டீங்களா? மூடிக்கங்க, பரவாயில்ல, காது கேக்குமில்ல. நான் இப்ப படியிறங்கி வரும்போதே ஒண்ணு யோசிச்சேன். தப்பு எங்கன்னு புரிஞ்சுபோச்சு. அந்த அஞ்சாவது சாவிய யாரு வேணா எடுத்துட்டுப் போற மாதிரி ஆணியில மாட்டியிருந்தேன் பாருங்க, அதான். ஒரு சின்ன இரும்புப் பெட்டி. அதுக்குள்ள சாவி. பெட்டிக்கு ஆறாவதா ஒரு பூட்டு...