எஸ்டோனியா ஷேரும் மாமா மீசையும்

பக்கிரிசாமி: மொட்டை அடி மாமா, வேணாம்னு சொல்லல. மீசைய எதுக்கு எடுக்கறேன்ற?

தாமோதரன்: மொட்டைன்னா எல்லாம் சேர்த்துதான்டா மச்சான். திருமலைக்கி வந்துட்டு, பாதி உனக்கு பாதி எனக்குன்னு சாமிகிட்ட பேரம் பேசுவியா?

பக்கிரிசாமி: போன வாட்டி பேசினியே! பிளேடு போட்டவரு கைய புடிச்சிகினு, "சாமி, மீசை மட்டும் வேணாம்"னு அழாத கொறையா கெஞ்சினியே...

தாமோதரன்: அப்போ கருப்பா இருந்துச்சி. இப்போ நரைச்சிப் போச்சி. க்யூ நவுருது, நட.

பக்கிரிசாமி: நரைச்சா மை பூசற ஆளு நீ. எங்க அக்காவ பொண்ணு பாக்க வந்தப்பவே அந்த மீசைக்கி எண்ணெ தடவிகினு வந்தவன். மாமா... என் மூஞ்ச பாரு.

தாமோதரன்: பாத்தேன். இன்னா?

பக்கிரிசாமி: எஸ்டோனியா ஷேர வித்துட்டியா?

தாமோதரன்: சீ! எந்த எடத்துல நின்னுகினு இன்னா பேச்சு பேசற!

பக்கிரிசாமி: இதே எடத்துல நின்னுதானே சத்தியம் பண்ணோம்? வெலை ரெண்டு மடங்கு ஆவற வரைக்கும், ஒருத்தன கேக்காம ஒருத்தன் விக்கறதும் கெடையாது, வாங்கறதும் கெடையாது. மீறினவன் இங்கயே வந்து மீசைய குடுக்கணும்.

தாமோதரன்: மறக்கலடா. எம் பொண்ணு பவ்யாவுக்கு ஸ்ரீசிட்டி கம்பெனில வேலை கெடைச்சா மொட்டைன்னு உங்க அக்கா வேண்டிகினா. கெடைச்சிடுச்சி. அவ்ளோதான் சங்கதி.

பக்கிரிசாமி: அக்கா வேண்டிகினா அக்காதானே மொட்டை அடிக்கணும்?

தாமோதரன்: அத்த அவகிட்டயே கேளேன்.

பக்கிரிசாமி: ...உட்டுடு. நம்பறேன் மாமா. நீ போயி விப்பியா? அந்த கம்பெனிய கண்டுபுடிச்சதே நீதான.

தாமோதரன்: பின்ன? மாங்கா கூழு ஃபேக்டரில லோடு செக் பண்றவன் நான். எல்லா நாட்டுக்கும் கூழு ட்ரம்மு கொறைஞ்சிகினு போவுது, அந்த ஒரு ஜூஸ் கம்பெனிக்கி மட்டும் வருஷா வருஷம் ஏறுது. எவன்டா இவன்னு தோண்டிப் பாத்தா, எஸ்டோனியால தாலின்னுன்னு ஒரு ஊரு. அங்க ஒரு குட்டி ஷேர் மார்க்கெட்டு. நாட்டு ஜனமே நம்ப சித்தூரு ஜில்லா அளவு கெடையாது.

பக்கிரிசாமி: "எவனும் எட்டிப் பாக்காத சந்தைலதான் மச்சான் நல்ல சரக்கு மலிவா கெடைக்கும்"ன்ன. கம்பெனி கையில கீற ரொக்கம், நெலம், மெஷினு எல்லாத்தயும் கூட்டி, கடன கழிச்சி, அதுல பாதி வெலைக்கித்தான் ஷேரு விக்குதுன்னு என் டயர் கடை சுவத்துல சாக்பீஸால எழுதி காட்டின.

தாமோதரன்: கணக்கு இப்பவும் சரிதான்டா. பொறுமை வேணும். தெனம் வெலைய பாக்கறவன் உருப்பட மாட்டான்.

பக்கிரிசாமி: நான் பாக்கறதே இல்லியே! வாங்கிப் போட்டேன், மறந்துட்டேன். ஆனா ரெண்டு வருஷம் ஆச்சி மாமா. காணிப்பாக்கம் கோயிலு கல்லுப் பிள்ளையாரு கூட வளந்துகினு கீறாரு, இது நின்ன எடத்துலயே நிக்குது.

தாமோதரன்: எறங்கவும் இல்லியே.

பக்கிரிசாமி: எப்படி ஏறும்? எவனோ ஒருத்தன் நாள் தவறாம பத்து பத்து ஷேரா வித்துகினு கீறான். அவசரக்குடுக்க!

தாமோதரன்: வாய அடக்குடா. அவனுக்கு இன்னா கஷ்டமோ.

பக்கிரிசாமி: கஷ்டமாம்! பொறுக்க முடியாதவன் எதுக்கு இந்த வேலைக்கி வரணும்? முட்டாப்பய...

தாமோதரன்: டேய்! ஒரே நாள்ல கொட்டினா வெலை படுத்துடும், கூட வாங்கினவன் வயிறு எரியும்னு பாத்து பாத்து விக்கறான்டா. நல்ல மனசு அவனுக்கு.

பக்கிரிசாமி: அவன் மனசு உனுக்கு எப்படி தெரியும்?

தாமோதரன்: ...ஒரு ஊகம்தான். நான் கும்பிடறது அந்த வாங்கறவன. இவன் பத்த நீட்டறப்பல்லாம் கை நீட்டி வாங்கிக்கறான் பாரு. மகராசன்!

பக்கிரிசாமி: மகராசன்றியா?

தாமோதரன்: பின்ன? எவனோ பெரிய வெள்ளக்காரன். கோட்டு போட்டுகினு, கார்ல...

பக்கிரிசாமி: கோட்டெல்லாம் இருக்காது மாமா. சாதாரண ஆளாத்தான் இருப்பான்.

தாமோதரன்: மூளக்காரன்.

பக்கிரிசாமி: மூளைய விட மனசு மாமா. மனசு கீறவன்தான் அப்படி தாங்கிப் புடிப்பான்.

தாமோதரன்: உன்ன சொன்ன மாதிரி நீ ஏன்டா நெளியற?

பக்கிரிசாமி: க்யூல புழுக்கம்... ஆனா மாமா, அந்த விக்கறவன் மேல எனுக்கு ஒரு சந்தேகம் கீது. நம்ப ஊரு கங்கம்மா ஜாத்திரை அன்னிக்கி அவன் விக்க வரவே இல்ல.

தாமோதரன்: அதுக்கு?

பக்கிரிசாமி: எஸ்டோனியால கங்கம்மா ஜாத்திரைக்கி லீவு உடறாங்களா?

தாமோதரன்: ...ஜொரமா இருந்திருக்கும்.

பக்கிரிசாமி: எம் பொண்ணு அக்ஷயா காதுகுத்து அன்னிக்குமா ஜொரம்? பாலசமுத்திரத்துல நீ பந்தில உக்காந்து துன்னுகினு இருந்த. அன்னிக்கி பூரா அவன் ஒரு ஷேரு விக்கல.

தாமோதரன்: க்யூ நவுருது...

பக்கிரிசாமி: நவுரட்டும். மாமா...

தாமோதரன்: ...உங்க அக்காதான்டா. என் போன்ல பாத்துட்டா. பவ்யாவோட பழைய ஸ்கூல் மேப்ப கொண்டாந்து விரிச்சி, "அந்த ஊரு எங்க கீது, தொட்டு காட்டு"ன்னா. நான் தடவி தடவி ஃபின்லாந்துல போயி நின்னேன். "கைய வெக்கத் தெரியாத ஊர்ல காச வெச்சிருக்கியே"ன்னு புடிச்சிகினா. மாடில ரூம் போட்டே ஆவணும்னுட்டா.

பக்கிரிசாமி: மாடி ரூமா? போன வாரம் நான் வந்து படுத்தேனே...

தாமோதரன்: அதேதான். நீ காத்து வாங்கின ஃபேனு கூட அந்த ஷேருதான்.

பக்கிரிசாமி: சத்தியம் பண்ணோமே மாமா!

தாமோதரன்: அதுக்குத்தான்டா மீசைய குடுக்க வந்துகீறேன். நேத்தோட எல்லாம் வித்தாச்சி. உங்கிட்ட சொல்ல வாயே வரல. உன் கடைப்பக்கம் வர்றதுக்கே கூச்சமா இருந்துச்சி. மன்னிச்சிடு மச்சான். திட்டுடா. சும்மா நிக்காத.

பக்கிரிசாமி: இன்னாத்த திட்டறது...

தாமோதரன்: ஆமா, ஒண்ணு கேக்கறேன். வெலைய பாக்கறதே இல்லன்ன. அப்புறம் நான் வராத நாளெல்லாம் உனுக்கு எப்படி தெரியும்?

பக்கிரிசாமி: அது... சும்மா...

தாமோதரன்: இன்னா சும்மா? சொல்லுடா.

கவுன்ட்டர்காரர்: எந்தமந்தி சுவாமி? எத்தன பேரு?

தாமோதரன்: ஒக்கரே அண்டி. நான் மட்டும்தான். இவரு என் மச்சான், துணைக்கி வந்தாரு.

பக்கிரிசாமி: இத்தரு சாமி, ரெண்டு பேரு. பிளேடும் ரெண்டா குடுங்க... இன்னா மாமா அப்படி பாக்கற? வெலை எறங்கினா நீ பயந்து வித்துடப் போறியேன்னு, தெனம் அந்த பத்து பத்தயும் வாங்கினது நான்தான்.