மணி கேட்டுப் போனவர்கள்

மாட்டுக்கொட்டகை ஓடுகள் பறக்கின்றன. சேலைத் தலைப்பைத் தலையில் சுற்றிக்கொண்டு ஓடுகிறேன். முழங்கால் வரை தண்ணீர். முன்னால் என் கணவர் சாமுவேல். என் கையை விடவில்லை. விடிந்தும் விடியாத நேரம். புயல் ஊருக்குள் வந்துவிட்டது. காற்று நிற்காமல் ஊளையிடுகிறது. நடுநடுவே தென்னை முறிகிற சத்தம். எல்லாவற்றுக்கும் மேலே கோயில் மணி. விடாமல் அடிக்கிறது.

மணி அப்படி அடித்தால் கோயிலுக்கு ஓட வேண்டும். எங்கள் சபையில் இதைக் குழந்தைக்குக்கூடச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நன்னிலம் பக்கம் சின்ன ஊர். சபையார் எல்லாரும் பண்ணையில் வேலை பார்த்தவர்களின் வாரிசுகள். அந்தக் காலத்தில் எங்களுக்குக் குடிசைதான். வாய்க்காலோரப் புறம்போக்கில் மண் சுமந்து மேடாக்கினார்கள். வயல் வேலை முடித்து வந்து செங்கல் சுமந்தார்கள். அப்படி எழும்பிய கோயில் அது. ஆறு உடைப்பெடுத்தபோதெல்லாம் மணி அடிக்கும். ஆடு கோழியோடு எல்லாரும் அங்கே ஏறிக்கொள்வார்கள். நான் பிறந்ததே அப்படி ஒரு வெள்ளத்தில், பீடத்துக்குப் பக்கத்தில்தானாம். அம்மா பெருமையாகச் சொல்வாள்.

இப்போது யாருக்கும் குடிசை இல்லை. எல்லாம் கான்கிரீட் வீடு. பிள்ளைகள் நர்ஸ், டீச்சர் என்று தலையெடுத்துவிட்டார்கள். கோயில் மட்டும் பழையபடி நின்றது. சுண்ணாம்புச் சுவர். உளுத்த உத்திரம். மேலே ஓடு. அது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. பெற்ற தாயை யாராவது கிழவி என்று பார்ப்பார்களா?

வீட்டை விட்டு இறங்கும்போது நான் கேட்டேன்.

"நம்ம வீடு நல்லாத்தானே இருக்கு. எதுக்குங்க?"

"மணி அடிக்குது. போவாம எப்படி இருக்கறது?"

நானும் கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன்.

கோயிலுக்குள் பாதிச் சபை நிற்கிறது. நனைந்த தலைகள். அழுகிற குழந்தைகள். யாரோ ஜெபத்தைத் தொடங்கியிருந்தார்கள். மணி அடிக்கும் கோயில்பிள்ளையை என் கணவர் தேடினார். ஆளைக் காணோம். மகள் வீட்டுக்கு அதிராம்பட்டினம் போனவர் இன்னும் திரும்பவில்லை என்று அவர் மனைவி சொன்னாள். மணிக்கயிறு ஆளில்லாமல் மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருந்தது. காற்றுதான் மணியை ஆட்டியிருக்கிறது. எங்களை யாரும் கூப்பிடவே இல்லை.

என் கணவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். உத்திரம் முனகியது.

"வெளிய போங்க! பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்க!"

பலர் அசையவில்லை. கோயிலை விட்டு எங்கே போவது என்று கேட்டார்கள். அவர் தோளைப் பிடித்துத் தள்ளினார். குழந்தைகளைத் தூக்கி வாசலில் நின்றவர்களிடம் கொடுத்தார். ஒரு குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நான் வெளியே வந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கிறேன். பீடத்துக்கு முன்னால் சலோமி அக்கா முட்டிபோட்டிருக்கிறாள். காது சரியாகக் கேட்காதவள். கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்கிறாள். அவளைக் கூட்டிவர அவர் உள்ளே போகிறார்.

"வந்துருங்க!" என்று கத்துகிறேன்.

முதலில் ஓடு சரிகிற சத்தம். பிறகு ஒரே ஒரு சத்தம். அதை எப்படிச் சொல்வதென்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. மணியும் நின்றுவிட்டது.

எனக்குக் கடவுள் மேல் கோபம் உண்டு. சபை நடுவிலேயே சொல்லியிருக்கிறேன். எங்கள் சபைப் போதகர் ஐயர் என்னைக் கண்டிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அந்த மட்டும் நல்ல மனுஷன்.

போனதைச் சொல்லிவிடுகிறேன். யாரும் மறந்துவிடக் கூடாது. எங்கள் பாட்டன் பூட்டன் கட்டிய சுவர்கள். பெஞ்சுகள். ஞானஸ்நானத் தொட்டி. சலோமி அக்கா. அவள் கையைப் பிடித்தபடி என் சாமுவேல்.

மழை விட்டதும் அவரை வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். கூடத்தில் கிடத்தினோம். தரை காய்ந்து கிடந்தது. எங்கள் வீட்டில் ஒரு சொட்டுக்கூட ஒழுகியிருக்கவில்லை.