புகார்கள் ஏதும் பெறப்படவில்லை

என் கையெழுத்து அழகாக இருக்கும். அந்தப் பதிவேடு என்னிடம் வந்ததற்கு அதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் ஹெட்மாஸ்டர் சிவஞானம் சார் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். "ஆபீஸ்லேர்ந்து திடீர் திடீர்னு ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்றாங்க டீச்சர். உங்க கையெழுத்துன்னா பாக்க லட்சணமா இருக்கும். நீங்களே வெச்சுக்கங்க" என்றார். மாணவர் பாதுகாப்புக் குழுவின் பதிவேடும் புகார்ப் பெட்டியின் சாவியும் அப்படித்தான் எனக்கு வந்தன.

விசாரணைக்கு வந்த நீங்கள் என்னையே எழுதித் தரச் சொன்னது நல்லதாகப் போயிற்று, விஜயலட்சுமி மேடம். பேசினால் இடையில் நிறுத்திவிடுவேன். எழுத உட்கார்ந்தால் முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன்.

என் பெயர் தனக்கோடி. வயது ஐம்பத்து மூன்று. கணக்கு ஆசிரியை. மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு இருந்தவர்களின் மகள். இந்தப் பள்ளியில்தான் படித்தேன், இந்தப் பள்ளிக்கே ஆசிரியையாக வந்தேன்.

பெட்டி பற்றிய சுற்றறிக்கை எனக்கு மனப்பாடம். வாரம் ஒரு முறை குழுவில் இரண்டு பேர் முன்னிலையில் திறக்க வேண்டும். எழுதிய பிள்ளையின் பெயர் வெளியே போகக் கூடாது. ஒரு பிள்ளையை மற்றவர்கள் துன்புறுத்துவதாக இருந்தால் மறுநாளுக்குள் மேலே தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் தனியாகத் திறப்பேன், திங்கட்கிழமை மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். முதல் சில வாரங்களில் ஃபேன் ஓடவில்லை, பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை என்று சீட்டுகள் வந்தன. கணக்கு டீச்சர் ஹோம்வொர்க் அதிகம் கொடுக்கிறார் என்றுகூட ஒன்று வந்தது. எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றினேன். ஃபேனைப் பழுது பார்க்க வைத்தேன். ஹோம்வொர்க்கையும் குறைத்தேன். நான் வேலையைச் சரியாகச் செய்யாதவள் என்று யாரும் சொல்ல முடியாது.

ஜூலை இரண்டாவது வெள்ளிக்கிழமை செந்தமிழின் முதல் கடிதம் இருந்தது.

செந்தமிழ் ஒன்பதாவது பி பிரிவு. அவள் அம்மா ஜெயா உப்பு வாரும் வேலைக்குப் போகிறவர். அப்பா இல்லை. சனி, ஞாயிறுகளில் செந்தமிழும் அம்மாவோடு உப்புப் பாத்தியில் நிற்பாள். கடிதம் ரூல் போட்ட தாளில், மார்ஜின் விட்டு, பரீட்சையில் எழுதுவது போல எழுதியிருந்தது. "மதிப்பிற்குரிய குழுவினருக்கு. என் தண்ணீர் பாட்டிலில் தினமும் உப்பைக் கொட்டுகிறார்கள். என்னை உப்புக்கால் என்று கூப்பிடுகிறார்கள். போன வாரம் செருப்பைப் பிடுங்கிக்கொண்டு என் காலை ஃபோட்டோ எடுத்தார்கள். தர்ஷிணியும் இன்னும் இரண்டு பேரும். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். என் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

உப்புத் தண்ணீரில் நிற்பவர்களின் கால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. பாதம் வெளுத்துத் தடித்துப்போகும். பிறகு குதிகாலிலிருந்து வெடிக்க ஆரம்பிக்கும். வெடித்த இடத்தில் மறுநாளும் உப்புத் தண்ணீர் ஏறும். கருவாட்டைப் போல இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள். என் காலத்திலும் அதைத்தான் சொன்னார்கள்.

கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தேன். பதிவேட்டில் "புகார்கள் ஏதும் பெறப்படவில்லை" என்று எழுதினேன். தர்ஷிணியின் அப்பா உப்பளம் குத்தகைக்கு எடுத்திருப்பவர். ஜெயா அவரிடம்தான் வேலை பார்க்கிறார். பெயரை ஏற்றினால் ஜெயாவின் பிழைப்பு போய்விடும். அதை யோசித்துத்தான் எழுதவில்லை.

திங்கட்கிழமை மதியம் செந்தமிழை லேபுக்குக் கூப்பிட்டேன். ஒல்லியான பெண். சட்டைக் காலரை வெளுத்துக் கஞ்சி போட்டிருந்தாள்.

"லெட்டரப் படிச்சீங்களா டீச்சர்?"

"படிச்சேன். யாருகிட்டயும் சொல்லல. பாட்டில் தண்ணிய என்ன பண்ணுவ?"

"குடிச்சிடுவேன் டீச்சர். கொட்டுனா சிரிக்கறாங்க. குடிச்சிட்டா கொஞ்ச நேரத்துல போய்டுவாங்க."

அவளிடம் என் கதையைச் சொன்னேன். தனக்கோடி என்ற பெயரை வைத்தே என்னை ஓட்டுவார்கள். 'கோடீஸ்வரி வந்துட்டா, மூக்க மூடிக்கங்க' என்பார்கள். நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன் என்றேன். "நீ அழுதாதான் அவங்களுக்கு ஜாலி. அழாத. மார்க் எடு. அப்புறம் எல்லாம் வாய மூடிக்குவாங்க."

"சரி டீச்சர்" என்றாள். பிறகு என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "உங்க காலு மட்டும் எப்டி டீச்சர் நல்லா ஆச்சி?"

பதில் சொன்னேன். மணி அடித்தது.

இரண்டாவது கடிதம் ஆகஸ்டில் வந்தது. "நான் அழவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. என் கால் ஃபோட்டோவை இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறார்கள். போஸ்டரில் குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஃபோன் பண்ணலாம் என்று இருக்கிறது. எங்கள் வீட்டு ஃபோனை அம்மா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடும். டீச்சர் யாராவது எனக்காகப் பண்ண முடியுமா?" இதையும் கைப்பையில் வைத்தேன். அதே வரியைப் பதிவேட்டில் எழுதினேன். இந்த இரண்டு கடிதங்களையும் இதனுடன் இணைத்திருக்கிறேன்.

மூன்றாவது கடிதம் என்னிடம் இல்லை. ஆனால் அதில் இருந்ததைச் சொல்ல முடியும். பெட்டியில் போடுவதை யாராவது படிக்கிறார்களா என்று கேட்டிருந்தாள். தினமும் எட்டு மணிக்கே வந்துவிடுவதாகவும், வராந்தாவில் யாரும் இல்லாதபோது பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பதாகவும் எழுதியிருந்தாள். "ஸ்கூலில் நான் பேசுவது இந்தப் பெட்டியிடம் மட்டும்தான்" என்பது கடைசி வரி.

அந்தக் கடிதத்தை மறுவாரம் தர்ஷிணியிடம் கொடுத்தேன்.

மாடிப்படிக்குக் கீழே நிறுத்தி, "செந்தமிழ் என்ன எழுதியிருக்கான்னு நீங்களே பாத்துக்கங்க. உங்களுக்குள்ள பேசித் தீத்துக்கங்க" என்றேன். அவள் அங்கேயே படித்தாள். அவளுக்கும் பதினாலு வயதுதான். முகம் வெளிறிப்போயிற்று. "சாரி டீச்சர். அவ இவ்ளோ ஃபீல் பண்றான்னு தெரியாது டீச்சர்" என்றாள். கண் கலங்கியிருந்தது. அந்த நிமிடம் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். எனக்குப் பத்தாம் வகுப்பில் பாடம் இருந்தது. போய்விட்டேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மற்ற இரண்டு பெண்களும் அதைப் பிடுங்கி வகுப்பில் சத்தமாகப் படித்தார்கள். கொஞ்ச நேரத்தில் தர்ஷிணியும் சேர்ந்துகொண்டாள். பிறகு ஒவ்வொருத்தராக வராந்தாவுக்கு வந்து, பெட்டியின் முன்னால் கைகட்டி நின்று, "பெட்டியம்மா, எனக்கு யாருமே இல்ல பெட்டியம்மா" என்று அழுவது போல நடித்தார்கள். பெரிய சிரிப்பு. நான் பக்கத்து அறையில் போர்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது. கணக்கை எழுதி முடித்தேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் பெட்டியைத் திறந்தேன். காலியாக இருந்தது. பதிவேட்டில் முதல் முறையாக அந்த வரி உண்மையாக இருந்தது.

அன்று வீட்டுக்குப் போன செந்தமிழ், அம்மா வருவதற்குள் இரண்டு பாதங்களையும் பிளேடால் சுரண்டியிருக்கிறாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்தக் காலோடு பாத்தியில் நின்றிருக்கிறாள். அம்மாவிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை சாக்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் சாக்ஸ் போட்டு நான் பார்த்ததில்லை. நொண்டினாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் நொண்டிக்கொண்டே போனார்கள். புதன்கிழமை என் பாட வேளையில் டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துப் படுத்திருந்தாள். "நிமிந்து உக்காரு" என்றேன். நிமிர்ந்தாள். முகம் கொதித்துச் சிவந்திருந்தது. போர்டுக்குக் கூப்பிட்டு ஒரு கணக்குக் கொடுத்தேன். பிழையில்லாமல் போட்டுவிட்டு, மேஜையைப் பிடித்துப் பிடித்து இடத்துக்குப் போனாள். தாங்கக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

வியாழக்கிழமை அவள் வரவில்லை. மரக்காணத்தில் காட்டி, அங்கிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது என்றார்கள். ஒன்பது நாள் உயிரோடு இருந்தாள்.

ஏழாவது நாள் பார்க்கப் போனேன். வார்டுக்கு வெளியே ஜெயா தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், உங்களப் பத்தியேதான் பேசிட்டு இருந்தா. உங்க காலு மாதிரியே ஆயிடும்மா, கொஞ்ச நாள்தான், அப்புறம் ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு சொன்னா. காய்ச்சல்ல ஒளர்றான்னு நெனச்சேன். அந்த ஸ்கூல்ல அவகிட்ட நல்லா பேசுன ஒரே ஆளு நீங்கதான் டீச்சர்." குனிந்து என் காலைத் தொட்டார். நான் தடுக்கவில்லை.

ஜெயா சொன்னது உளறல் இல்லை. அன்றைக்கு லேபில் அவள் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் அதுதான். வெந்நீரில் காலை ஊறவைத்து, பிளேடால் தோலைச் சீவி எடுக்க வேண்டும் என்றேன். எனக்கும் ரத்தம் வந்தது, ஒரு மாதம் வலித்தது, பிறகு புதுத் தோல் வந்தது என்றேன். என் காலைத் தூக்கி அவளுக்குக் காட்டினேன். நான் அதைச் செய்தது வேலைக்குச் சேர்ந்த பிறகு, உப்பளத்தை விட்டு எத்தனையோ வருடம் கழித்து. அதைச் சொல்லவில்லை. புது பிளேடு என்று சொன்னேனா என்றும் நினைவில்லை.

விசாரணை வந்தது. என் பதிவேட்டைப் பார்த்தவர்கள் சுத்தமாக வைத்திருப்பதாகச் சொன்னார்கள். வகுப்புப் பிள்ளைகள் நடந்ததைச் சொன்னதால் மூன்று பெண்கள்மீது நடவடிக்கை எடுத்தார்கள். சிவஞானம் சாரை மாற்றிவிட்டார்கள். "தனக்கோடி டீச்சர்தான் அந்த லெட்டர எங்கிட்ட குடுத்தாங்க" என்று தர்ஷிணி சொல்லியிருக்கிறாள். நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். பயத்தில் பொய் சொல்கிறாள், குழந்தைதானே, விட்டுவிடுங்கள் என்றேன். நீங்களும் தலையாட்டினீர்கள்.

தர்ஷிணியை இப்போது வானூரில் பெரியம்மா வீட்டில் வைத்திருக்கிறார்கள். அங்கே சேர்த்த பள்ளியிலும் விஷயம் தெரிந்துவிட்டது. கொலைகாரி என்று கூப்பிடுகிறார்களாம். பத்து நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை, யாரிடமும் பேசவும் இல்லை என்று அவள் அப்பா என்னிடம் வந்து அழுதார். "எம் பொண்ணு பண்ணது தப்புதான் டீச்சர். ஆனா பொய் சொல்ற பொண்ணு இல்ல" என்றார். அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவர். உப்பளத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஜெயா வேலை பார்ப்பது வேறு ஒருவரிடம். மேலே குத்தகை என்று எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். இத்தனை நாளாக எனக்கு நானே அப்படிச் சொல்லிக்கொண்டு வந்ததால், எழுதும்போதும் அதுவே வந்துவிட்டது.

அப்படியானால் ஏன் என்று கேட்பீர்கள். அவளைத் திடப்படுத்தத்தான் என்று சொல்லலாம். நேற்றுவரை நானும் அதை நம்பினேன்.

நான் ஒன்பதாவது படித்தபோது ஒரு நாள், என் செருப்பைக் கிணற்றில் போட்டுவிட்டார்கள். தைரியமாக ஒரு டீச்சரிடம் போய்ச் சொன்னேன். யாரிடமும் சொல்லவில்லை என்று செந்தமிழிடம் சொன்னது பொய். அந்த டீச்சர் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "நாளைக்கி கால நல்லா தேச்சி கழுவிட்டு வா" என்றார். அதற்குப் பிறகு வேறு யாரிடமும் போகவில்லை. அப்போது சட்டமும் இல்லை, குழுவும் இல்லை. யாருக்காவது எழுதிப் போடலாம் என்பதே எனக்குத் தெரியாது.

முப்பத்தொன்பது வருடம் கழித்து, அதே கால்களோடு ஒரு பெண் வந்து, மார்ஜின் விட்டு ஆறு வரி எழுதிப் போடுகிறாள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்கிறாள். பெரியவர்கள் படித்துவிட்டு எழுந்து வருவார்கள் என்பதில் அவளுக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. அந்த முதல் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பாவமாக இருந்ததாக இதுவரை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

பாவமாக இல்லை. எனக்கு அவள்மீது பொறாமையாக இருந்தது, மேடம்.