பின்னால் கைகட்டி எங்களை முன்னால் நிறுத்திய திருமதி பஞ்சாலை அம்மையாருக்கு

கணினியைக் கண்டாலே கதவோரம் ஒதுங்கிய எங்களைக் கடிந்துகொள்ளாமல் கரைசேர்த்த கனிவே! திரை இருண்டு நாங்கள் திகைத்து நின்றபோதெல்லாம் திடுமென வந்து நின்ற தெம்பே! பாடம் நடத்துவோர்க்கே பாடம் நடத்தி, பட்டம் பெற்றோர்க்கே பொறுமையோடு பழக்கிக் கொடுத்த பேராற்றலே! லாபு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அதே லாபுச் சாலையில் நம் பல்கலைக்கழகக் கல்லூரி எழுந்தபோது அதன் முதல் கணினிக் கூடத்தின் சாவியை வாங்கி, கால் நூற்றாண்டுக்கும் மேலாக அதைக் கட்டிக் காத்த கண்மணியே! கற்றல் கற்பித்தல் தொழில்நுட்ப உதவிப் பிரிவின் தலைவியே! ஆறுமுகம் பெற்ற அருஞ்செல்வமே! எங்கள் பஞ்சாலை அக்கா, வணக்கம்!

உங்கள் பணி ஓய்வு விழாவில் மலாய் மொழியில் முதல்வரும் ஆங்கிலத்தில் பதிவாளரும் வாழ்த்தி முடித்துவிட்டார்கள். தமிழில் வாழ்த்தும் உரிமை எங்களுக்கு வந்திருக்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறோம். இம்மடலை எழுதித் தரும்படி முதலில் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம்தான் கேட்டோம். அதை எங்களுக்குப் பழக்கியவரும் நீங்கள்தானே! கண்ணிமைக்கும் நேரத்தில் எழுதித் தந்தது. அதில் நீங்கள் 'அமைதியே உருவானவர்' என்றிருந்தது. படித்தவர் அத்தனை பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். அமைதியா, நீங்களா? மேல்மாடியில் நீங்கள் பேசினால் கீழே கார் நிறுத்துமிடத்தில் இருப்பவரும் கேட்டுத் தம் கடவுச்சொல்லை மாற்றிவிடுவாரே! ஆகவே அதை மூடிவிட்டு நாங்களே எழுதியிருக்கிறோம். பிழை இருந்தால் எழுத்துப் பொறுப்பை ஏற்ற பொறியியல் விரிவுரையாளர் மார்கஸைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆசானுக்கு ஆசானே! அன்னையின் அன்பும் அதிகாரியின் அதட்டலும் ஒருங்கே அமைந்த அம்மையே! உங்களைப் போற்றப் பல புகழ்ச்சொற்கள் உண்டெனினும், எங்கள் கண்முன் முதலில் வந்து நிற்பது உங்கள் கைகள்தாம். அதுவும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்ட கைகள். உதவி என்று அழைத்தால் ஓடி வருவீர்கள். வந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வீர்கள். எதையும் தொட மாட்டீர்கள். "எங்க அமுக்கணும்னு நான் சொல்றேன், அமுக்குறது நீங்க" என்பீர்கள். புதிதாய் வேலைக்கு வந்தவர்கள் அந்த நடையைப் பார்த்துவிட்டு, "கங்காணியம்மா வராங்க" என்று கிசுகிசுத்தது உங்கள் காதிலும் விழுந்தது. நீங்கள் கோபப்படவே இல்லை. "கங்காணி வேலை வாங்குவாரு. நான் வேலை கத்துக் குடுக்கிறேன் லா. ரெண்டுக்கும் சம்பளம் வேற!" என்று அவர்களையும் சேர்த்துச் சிரிக்க வைத்தீர்கள்.

அந்தக் கைகள் பின்னால் போனதற்கு ஒரு வரலாறு உண்டு. முன்பெல்லாம் எங்கள் வேலை அனைத்தையும் நீங்களே செய்து தந்தீர்கள். நாங்களும் காப்பி குடித்துக்கொண்டு பார்த்திருந்தோம். அப்படியிருக்க உங்கள் மகள் ஷாமினியின் திருமணத்திற்காக விடுப்பு எடுத்தீர்கள். சிரம்பான் மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்குகிறது. உங்கள் கைப்பேசியும் முழங்குகிறது. அழைத்தவர், மேலே சொன்ன அதே மார்கஸ்.

"அக்கா, திரை முழுக்க நீலமா இருக்கு! என்ன செய்றது?"

"மார்கஸ், இங்க தாலி ஏறுது லா!"

"சரிக்கா, ஏறட்டும். ஆனா கிளாஸ்ல பிள்ளைங்க உக்காந்திருக்காங்களே!"

வலக்கையால் அட்சதை தூவிக்கொண்டே, இடக்கையில் கைப்பேசியைப் பிடித்து, எந்தக் கம்பியைக் கழற்றி எதில் செருகுவது என்று சொன்னீர்கள். திருமணக் காணொளியில் தாலி ஏறும் இடத்தில் "அந்த ஓட்டை இல்ல, பக்கத்து ஓட்டை!" என்ற உங்கள் குரல் இன்றும் தெளிவாகக் கேட்கிறதாம். விடுப்பு முடிந்து திரும்பிய அன்று, "இனிமே என் கை எந்தக் கம்ப்யூட்டரையும் தொடாது. வாய் மட்டும்தான் வேலை செய்யும்" என்று அறிவித்தீர்கள். சொன்ன சொல் தவறாத செம்மலே, வாய் வேலை செய்ததற்கு இந்த மண்டபமே சாட்சி.

அந்தக் கைகளின் அருமை எங்களுக்கு முழுதாக விளங்கியது பூக்களால். அதைச் சொல்லாமல் இம்மடல் நிறைவு பெறாது. பாலர் கல்வித் துறையின் மூத்த விரிவுரையாளர் திருநாவுக்கரசு ஐயா, வேலைக்குப் போகும் பெண்களுக்கென மாலை நேர டிப்ளோமா வகுப்பு நடத்தி வந்தார். இணையக் கற்றல் தளத்தில் ஏறாத வகுப்புகள் மறு ஆண்டு நடக்காது என்று நிர்வாகம் சொன்னபோது, "எனக்கு வெண்பலகை போதும். மூடுறதுன்னா மூடிக்கட்டும் லா" என்று முறுக்கிக்கொண்டார். நீங்கள் அவரிடம் வாதாடவில்லை. "மூடினா உங்களுக்கு ஒரு வகுப்பு போகும், சார். மோகனாவுக்கு?" என்று மட்டும் கேட்டீர்கள். தம்பின் நகருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பாலர் பள்ளி உதவியாளராக இருந்துகொண்டே அவ்வகுப்பில் படித்த மோகனாவால், இந்த டிப்ளோமா கைக்கு வந்தால்தான் ஆசிரியை ஆக முடியும். ஐயா அன்று மாலையே உங்கள் அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

கற்றார், கற்றதோடு நிற்கவில்லை. வகுப்புத் தளத்தில் ஒவ்வொரு காலையும் ஒரு ரோஜாப்பூப் படம், அதன்மேல் 'காலை வணக்கம்' என்று போடத் தொடங்கினார். கணக்கியல் விரிவுரையாளர் விக்டோரியா சும்மா இருப்பாரா? அல்லி போட்டார். அடுத்தவர் அருவி போட்டார், அதுவும் புல்லாங்குழல் இசையோடு! தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ் என்று எந்தப் பெருநாளையும் விடாமல் எல்லா வகுப்புக்கும் எல்லாரும் படமும் பாட்டுமாய் ஏற்றினோம். பாடத்தைவிட வாழ்த்துதான் அதிகம். ஒருநாள் தளத்தில் இடமே இல்லாமல் போயிற்று. அது மாலை நேர வகுப்பினர் தம் இறுதிப் பயிற்சிக் காணொளியை ஒப்படைக்க வேண்டிய கடைசி நாள்.

தோட்டத்துக் கோயில் வாசலில்தான் இணைய லைன் நன்றாகக் கிடைக்கும் என்று மோகனா அங்கே போய் உட்கார்ந்திருந்தார். "லைன் ஃபுல்லா இருக்கு சார், ஆனா ஏறவே மாட்டேங்குது. இடம் இல்லன்னு காட்டுது சார்" என்று ஐயாவிடம் அழுதார். மாலை ஐந்து மணிக்கு மேல் ஏற்க இயலாது என்று தேர்வுப் பிரிவு கைவிரித்தது. அன்று தவறினால் அடுத்த ஆண்டுதான். பாலர் பள்ளியோ அதுவரை காத்திருக்காது. வேறொருவரை ஆசிரியையாகப் போட்டுவிடும்.

நீங்கள் எங்கள் அனைவரையும் மடிக்கணினியோடு இதே மண்டபத்திற்கு வரச் சொன்னீர்கள். வந்து பார்த்தால், கைகள் பின்னால்! ஐயா பதறிப்போனார். "மேடம், தளத்தோட சாவி உங்ககிட்டதானே இருக்கு! நீங்களே எல்லாத்தையும் அழிச்சிடுங்களேன், நேரம் போகுது!"

"அழிச்சிடலாம் சார். உங்க ரோஜாவோட உங்க பாடமும் போகும். மோகனா கூட்டாளிங்க ஏற்கெனவே அனுப்பி வெச்ச காணொளியும் போகும். எது பூ, எது பாடம்னு உங்களுக்குத்தான் தெரியும். உக்காருங்க. அமுக்குங்க."

அமுக்கினோம் அக்கா! வரிசை வரிசையாக நீங்கள் நடக்க, ஆளுக்கொரு தோட்டமாய்ப் பூப்பறித்தோம். அல்லி போயிற்று, அருவி போயிற்று, புல்லாங்குழல் போயிற்று. "இந்தப் பிள்ளையார் படத்த எப்படிக்கா அழிக்கிறது, பாவம் இல்லையா?" என்று விக்டோரியா கேட்க, "நீ கோயிலுக்கே போறதில்ல, சர்ச்சுக்குப் போறவ, உனக்கு என்ன பாவம், அமுக்கு!" என்று நீங்கள் அதட்ட, அவ்வளவு பதற்றத்திலும் மண்டபம் சிரித்தது. ஐந்து மணி நெருங்கும்போது ஐயாவின் கைப்பேசியிலிருந்து, "ஏறிடுச்சு சார்! ஏறிடுச்சு!" என்ற மோகனாவின் குரல் எல்லாருக்கும் கேட்டது. ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேடம், ஒரு ரோஜா மட்டும் வெச்சிக்கட்டுமா?" என்றார். "ஒன்னுதான் லா" என்று அனுமதி தந்தீர்கள். அன்றைக்கு நீங்கள் ஒரு பொத்தானையும் தொடவில்லை. ஆனால் மறுநாள் முதல் தளத்தைப் பார்த்து எங்களில் எவரும் பயப்படவில்லை.

பண்பின் பெட்டகமே! இப்போது எங்கள் பயம் வேறு. திங்கட்கிழமை புதிய கல்வித் தவணை தொடங்குகிறது. உங்கள் இடத்திற்கு இன்னும் யாரும் வரவில்லை. வரும்வரை உங்கள் மேசையில் தாமே உட்காருவதாகத் திருநாவுக்கரசு ஐயா முன்வந்திருக்கிறார். கைகளைப் பின்னால் கட்டிப் பழகிவருகிறார். ஆனால் அவை அடிக்கடி அவிழ்ந்து முன்னால் ஓடிவிடுகின்றன. நீங்கள் இல்லாமல் எங்களால் முடியுமா? வாரக்கணக்காக ஒருவரை ஒருவர் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். நெஞ்சம் கனக்கிறது என்று எழுதுவது மடல்களின் வழக்கம். எங்களுக்கு வழக்கத்திற்காக அல்ல, மெய்யாகவே கனக்கிறது.

ஆகவே இன்று உங்களுக்குத் தெரியாமல் ஒரு தேர்வு வைத்துக்கொண்டோம். இந்த விழாவின் ஒலியும் ஒளியும் இணைப்பும் முழுக்க முழுக்க எங்கள் வேலை. கணினியில் அமர்ந்திருப்பவர் ஐயா. திரையின் ஓரத்தில் தெரிகிறதே, அதுதான் அந்த ஒற்றை ரோஜா. மைக் கரகரத்திருந்தால் நீங்கள் எழப் பார்த்திருப்பீர்கள். அது தெரிந்துதான் விக்டோரியாவை உங்கள் பக்கத்தில் உட்கார வைத்தோம். தம்பின் தோட்டத்துப் பாலர் பள்ளியிலிருந்து, இன்று அங்கே ஆசிரியையாக இருக்கும் மோகனா, தம் பிள்ளைகளோடு இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த வரி வரை இணைப்பு அறாமல் வந்திருந்தால், அவர்கள் அனைவரும் உங்களுக்குக் கையசைப்பார்கள். திரையைப் பாருங்கள் அக்கா.

அசைத்தார்களா? அப்படியென்றால் நாங்கள் தேறிவிட்டோம்!

இனி நீங்கள் நிம்மதியாகப் போகலாம். கண்ணொளி குன்றாமல், கால்வலி காணாமல், கலகலப்புக் குறையாமல், பேரப்பிள்ளைகள் புடைசூழ, நீங்கள் ஆசைப்பட்டபடியே காலைதோறும் சி ரூசாக் கடலோரம் காலார நடந்து, நூறாண்டும் அதற்கு மேலும் நோயின்றி வாழ எல்லாம் வல்ல இறைவனை எங்கள் கோயில்களிலும் தேவாலயங்களிலும் வேண்டுகிறோம். நடக்கும்போது கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மார்கஸ் அழைக்க மாட்டார், சத்தியம் செய்திருக்கிறார்.

இறுதியாக ஒரே ஒரு விண்ணப்பம். இத்தனை ஆண்டுகள் எங்களுக்காகப் பின்னால் கட்டிவைத்த அந்த இரு கைகளையும் இப்போது அவிழ்த்து முன்னே நீட்டுங்கள், அக்கா. இம்மடலை உங்களிடம் கொடுக்க ஐயா வருகிறார். இதை மட்டும் நாங்கள் செய்துகொள்ள முடியாது. நீங்கள்தான் வாங்க வேண்டும்.

உங்கள் சொல் கேட்டுத் தாமே அமுக்கப் பழகிய,
தமிழ் விரிவுரையாளர்களும் பணியாளர்களும்
லாபு, நெகிரி செம்பிலான்