படியில் உட்கார்ந்தவர்களின் அருங்காட்சியகம்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் காப்பாளர் அம்மா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியவர்களே, களைத்த கைகளோடும் கலையாத சிரிப்போடும் வந்து அமர்ந்திருக்கும் தையல் ஆலைத் தாய்மார்களே, என் உயரத்துக்கு மைக்கைத் தாழ்த்திக் கொடுத்த அண்ணனே, எல்லோருக்கும் என் அன்பான வணக்கம்.

ஆள் வருவதில்லை, ஆகவே இந்த அருங்காட்சியகத்தை மூடிக் கிடங்காக்கிவிடலாம் என்று சென்ற ஆண்டு நகர நிர்வாகம் சொன்னது. ஆள் வரவில்லையா? பிற்பகல் ஷிப்டுக்குப் போகும் நாங்கள் இதே வாசற்படியில்தானே கம்பெனி வேனுக்குக் காத்திருந்தோம்? வெயிலிலும் காத்திருந்தோம், மழையிலும் காத்திருந்தோம். உள்ளே, மின்விசிறிக்குக் கீழே, இதை நடத்தும் தொண்டு நிறுவனத்தார் கூடி, மக்களை எப்படி வரவழைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே காவலாளி அண்ணன், "உஷ், எழுந்திரிங்க, உள்ள கூட்டம் நடக்குது" என்று அந்த மக்களைத்தான் விரட்டிக்கொண்டிருந்தார். மெதுவாகச் சிரியுங்கள், அவர் தூணுக்குப் பின்னால்தான் நிற்கிறார்.

ஒரு நாள் என் சித்தி பொறுக்கமுடியாமல் காப்பாளர் அம்மாவிடமே போய்க் கேட்டார்.

"அம்மா, உங்க பாத்ரூமுக்குப் போய்ட்டு வரட்டுமா? ஆலையில பிரேக் விடற வரைக்கும் தாங்காது."

"இதுக்கா இத்தனை நாளாத் தயங்கினீங்க?"

"டிக்கெட் கேப்பீங்களோன்னுதான்."

கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் பெரிய கூடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். போகும்போது அவசரமாகப் போனோம். வரும்போது ஆற அமரப் பார்த்தோம்.

காலை ஷிப்ட் முடிந்து வேனில் வந்திறங்கும் சித்தப்பாவிடம் கைக்குழந்தையைக் கொடுத்துவிட்டு, அதே வேனில் ஏறுவது சித்தியின் வழக்கம். ஒரு நாள் வேன் வரவில்லை. குழந்தை வீறிட்டு அழுதது. கூடத்தின் நடுவே, கண்ணாடித் தடுப்புகூட இல்லாமல், பழைய மரத்தொட்டில் ஒன்று இருந்தது. வேறென்ன செய்வார் சித்தி? தன் துப்பட்டாவை விரித்துப் படுக்கவைத்துவிட்டார். குழந்தை தூங்கிவிட்டது. பதறி ஓடிவந்து காவலாளி அண்ணன் வாயைத் திறந்தார். சித்தி விரலை உதட்டில் வைத்து, "உஷ், புள்ள தூங்குது" என்றார்.

காப்பாளர் அம்மா வந்தார். முதலில் தொட்டிலின் காலை அசைத்துப் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார்.

"இதுல முன்னாடி யாரும்மா தூங்கினாங்க?" என்றார் சித்தி.

"தெரியலையே."

"இப்ப யாருன்னு தெரியுதுல்ல? அதையாவது எழுதி வைங்க."

எழுதிவைத்தார் அம்மா. 'இதில் கடைசியாகத் தூங்கியது: தையல்காரரின் மகள்.' அதைப் படிக்கவென்றே பக்கத்துத் தெருக்காரர்கள் வந்தார்கள். படியில் பெஞ்சு வந்தது, கூடத்தில் குடிநீர் வந்தது, குழந்தைகளுக்கென்று புதுத் தொட்டிலும் வந்தது.

அப்போதுதான் மூடும் உத்தரவோடு அதிகாரி வந்தார். கூடம் நிறைய நின்ற எங்களைப் பார்த்து, "நீங்கல்லாம் எதைப் பார்க்க வந்தீங்க?" என்று கேட்டார். காப்பாளர் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு சொல் பிசகினால் கட்டடம் போய்விடும். வரலாறு என்று சொல்லலாம், கலை என்று சொல்லலாம். சித்தி என்ன சொன்னார் தெரியுமா?

"பொய் சொல்ல மாட்டேன் சார். பாத்ரூமுக்குத்தான் வந்தோம். போற வழியில இதெல்லாம் இருந்துச்சு, நின்னு பார்த்தோம். இப்போ வேன் வந்தாலும் போக மனசு வர்றதில்ல."

அதிகாரி தொட்டில் அருகே போய் அந்த வரியைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு உதவியாளரிடம் திரும்பி, "கிடங்குக்கு வேற இடம் பாருங்கப்பா" என்றார்.

கைதட்டுங்கள், தாய்மார்களே, நன்றாகத் தட்டுங்கள். இது உங்கள் வெற்றி.

மக்களைத் தேடும் நிறுவனங்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். மக்களைத் தூரத்தில் தேடாதீர்கள். உங்கள் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களுக்குத் தாகமா என்று கேளுங்கள், கால் வலியா என்று கேளுங்கள். அறிவைப் பிறகு கொடுக்கலாம், முதலில் இடம் கொடுங்கள். இடம் பெற்றவர்கள் இடத்தைக் காப்பார்கள். நாங்கள் காத்தோம். இன்று முதல், உங்கள் ஷிப்ட் நேரத்துக்கேற்ப இந்தக் கதவு திறக்கும். இனி இது பூட்டிய கூடமல்ல, நம் கூடம்.

பேச அழைத்த அம்மாவுக்கும், பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி கூறி, நெஞ்சு நிமிர்ந்து வணங்கி விடைபெறுகிறேன். வணக்கம்.