கட்டுரையில் ‘நான்’ கூடாது

க்ளெர்வி: ...யாருடி இந்த ‘நாம்’? நீ ஒருத்திதானே எழுதுற?

எனோரா: இலக்கியக் கட்டுரையில ‘நான்’ வரக்கூடாதுக்கா. ‘நாம் காண்கிறோம்’, ‘நாம் கருதுகிறோம்’... அப்படித்தான் எழுதணும்.

க்ளெர்வி: நல்ல வசதிதான். தப்பாப் போனா பழி ஊருக்கே பொதுவாயிடும்.

எனோரா: கிண்டல் பண்ணாதே. வியாழக்கிழமை ரென் நகரத்துல பரீட்சை. தேறினா டீச்சர் வேலை. பயிற்சிக் கட்டுரையோட திட்டத்தைச் சொல்றேன், சரியா இருக்கான்னு கேளு.

க்ளெர்வி: மெல்லப் பேசு, அப்பா இப்பத்தான் கண்ணசந்தார்... சொல்லு, கிரேப் தோசை சுட்டுக்கிட்டே கேக்கறேன்.

எனோரா: நாவல்ல அக்கா தங்கச்சி ரெண்டு பேர். அப்பா படுத்த படுக்கை. அக்கா வீட்லயே தங்கிடறா, தங்கச்சி படிக்கப் போயிடறா. கேள்வி இதுதான்: ‘தங்கிவிட்டவள் பலியானவளா?’

க்ளெர்வி: ...ம்.

எனோரா: மூணு பகுதியா எழுதணும். முதல்ல, ஆமா, பலிதான். ரெண்டாவது, இல்ல, அவளே விரும்பித்தான்—

க்ளெர்வி: விரும்பியா? அவளை யாராவது கேட்டாங்களா?

எனோரா: கேக்கறாங்களே. ‘நீ பாத்துக்குவேல்ல’ன்னு தங்கச்சி—

க்ளெர்வி: பெட்டியைக் கையில தூக்கிக்கிட்டுக் கேக்கறதெல்லாம் ஒரு கேள்வியா?

எனோரா: நாவல்ல அப்படித்தான் இருக்கு.

க்ளெர்வி: சரி, மூணாவது?

எனோரா: அதுதான் வரல. ஆமான்னும் சொல்லக்கூடாது, இல்லன்னும் சொல்லக்கூடாது. ரெண்டையும் தாண்டிப் போகணும். நாலு நாளா முட்டிக்கிட்டு இருக்கேன்.

க்ளெர்வி: அந்தப் பச்சைத் தாள் என்ன?

எனோரா: அது சும்மா... கிறுக்கினது. வேணாங்க்கா—

க்ளெர்வி: குடுடி. கோழி கிண்டின மாதிரி ஒரு கையெழுத்து... ‘தங்கை அவளிடம் ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நான் அவள் கைகளைப் பார்ப்பேன். நான்’... எனோரா.

எனோரா: கை தவறிடுச்சு.

க்ளெர்வி: மூணு இடத்துலயா?

எனோரா: தீயுதுக்கா, பாரு.

க்ளெர்வி: தீயட்டும். இந்தக் கேள்வியை யார் குடுத்தா?

எனோரா: ...யாரும் குடுக்கல. நானே எழுதினேன். உன்கிட்ட நேரா கேக்க வாய் வரல.

க்ளெர்வி: என்ன கேக்க?

எனோரா: என் மேல கோவமா இருக்கியான்னு. ஆறு வருஷமா உன் வாழ்க்கை மேல உக்காந்து நான் படிச்சிருக்கேன். தேறினா எங்கேயோ வடக்கே தூக்கிப் போடுவாங்க. மறுபடியும் அப்பாவை உன் தலையில கட்டிட்டுப் போகணும். என்னால முடியாது. வியாழக்கிழமை பரீட்சைக்குப் போறதா இல்ல.

க்ளெர்வி: பைத்தியக்காரி... உக்காரு. நீ படிக்கப் போன அந்த வருஷம் நாந்த் காலேஜ்ல எனக்கு நர்சிங் படிக்க இடம் கிடைச்சுது. உனக்குத் தெரியாது.

எனோரா: என்ன சொல்ற... அப்பா விடலையா?

க்ளெர்வி: பக்கவாதத்துல அப்பாவுக்கு அப்போ பேச்சே வராது. இடது கையால ‘போ’ன்னு எழுதிக் காட்டினாரு.

எனோரா: அப்போ, பாத்துக்க ஆள் இல்லாமயா?

க்ளெர்வி: அத்தை பெட்டி படுக்கையோட வந்து நின்னாங்க.

எனோரா: பின்ன ஏங்க்கா?

க்ளெர்வி: கெம்பேர் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். வண்டி வந்துச்சு, ஏற பயமா இருந்துச்சு, திரும்பி வந்துட்டேன். தெருவே ‘அப்பாவுக்காக எல்லாத்தையும் விட்டுட்டா’ன்னு பேசிச்சு. கேக்க நல்லா இருந்துச்சுடி, மறுத்துப் பேசல. நீ வர்றப்பல்லாம் குத்தவாளி மாதிரி தலையைக் குனிஞ்சு நின்னே... அப்பவும் பேசாமத்தான் இருந்தேன். மன்னிப்புக் கேக்க வேண்டியவ நீ இல்ல. வியாழக்கிழமை உன்னை வண்டி ஏத்திவிட நானே வரேன்.